டிவி ப்ரோக்ராமை ஞாபகப்படுத்துறதுக்குக்கூட பேட்டன்ட்டா? காம்காஸ்ட் – ரோவி சண்டை, அடியிலேர்ந்து

2017 நவம்பர்ல ஒரு உத்தரவு வந்துச்சு. அதுக்கப்புறம் அமெரிக்காவோட பெரிய கேபிள் கம்பெனியான காம்காஸ்ட், தன்னோட எக்ஸ்1ங்கிற செட் டாப் பாக்ஸ்ல நல்லா ஓடிக்கிட்டிருந்த ஒரு வசதியைத் தூக்கிடுச்சு. வீட்டுக்கு வெளில இருக்கும்போது போன்லேர்ந்தே "இந்த ப்ரோக்ராமை வீட்ல ரெக்கார்ட் பண்ணி வை"ன்னு சொல்ற வசதி அது. காரணம், ரோவிங்கிற கம்பெனி கைல இருந்த ரெண்டே ரெண்டு பேட்டன்ட்.

இதைக் கேட்டா யாருக்கும் வர்ற கேள்வி, இதுல கண்டுபிடிப்புன்னு சொல்ல என்னய்யா இருக்கு, டைம் வந்தா மணி அடிக்கிறதுக்கும் ரெக்கார்ட் பண்றதுக்கும் போய் உரிமை கொண்டாடுவானா, கொண்டாடினாலும் அரசாங்கம் ஒத்துக்குமா. ஒத்துக்கிச்சு. எப்படின்னு புரியணும்னா முதல்ல பாக்ஸுக்குள்ள என்ன நடக்குதுன்னு பார்க்கணும், அப்புறம் பேட்டன்ட்ல என்ன எழுதியிருக்குன்னு பார்க்கணும். சண்டையோட உயிர் இந்த ரெண்டுலயும் இல்ல, தேதிகள்ல இருக்கு. அதுக்குக் கடைசில வரலாம்.

ரிமைண்டர் எப்படி வேலை செய்யுது

கேசட்ல ரெக்கார்ட் பண்ற பழைய விசிஆர் காலத்துல டைமர் செட் பண்றதே ஒரு தலைவலி. சேனல், தேதி, ஆரம்பிக்கிற நேரம், முடியிற நேரம்னு நாலையும் தனித்தனியா அழுத்தணும், ஒண்ணு தப்பானா வேற எதையோ ரெக்கார்ட் பண்ணி வச்சிருக்கும். 1990-ல ஜெம்ஸ்டார்னு ஒரு கம்பெனி இதுக்கு ஒரு வழி கொண்டு வந்தாங்க, பேரு விசிஆர் ப்ளஸ். பேப்பர்ல டிவி லிஸ்ட் போடும்போது ஒவ்வொரு ப்ரோக்ராம் பக்கத்துலயும் அதிகபட்சம் 8 இலக்கத்துல ஒரு நம்பர் இருக்கும், அந்த நம்பரைத் தட்டினா போதும். சேனல், தேதி, நேரம், நீளம் எல்லாம் அந்த நம்பருக்குள்ளயே சுருட்டி வச்சிருக்கும்.

அடுத்த கட்டம், பேப்பரே வேண்டாம், லிஸ்ட்டை டிவி ஸ்க்ரீன்லயே காட்டிடலாம்னு வந்த ப்ரோக்ராம் கைடு. ஸ்டார்சைட்னு ஒரு கம்பெனி இந்த லிஸ்ட் டேட்டாவை, டிவி சிக்னல்ல படம் இல்லாம சும்மா போற வரிகள்ல ஏத்தி அனுப்பினாங்க. அதுக்கு அங்க இருக்கிற பிபிஎஸ் பொது ஒளிபரப்பு ஸ்டேஷன்களைப் பயன்படுத்திக்கிட்டாங்க. அதுக்கப்புறம் நடக்கிறது இன்னிக்கு வரைக்கும் பெருசா மாறல:

1. ஒவ்வொரு ப்ரோக்ராமும் ஒரு வரி டேட்டா. பேரு, சேனல், எப்ப ஆரம்பம், எவ்ளோ நேரம்.
2. பாக்ஸ் அந்த வரிகளைக் கட்டம் கட்டமா ஸ்க்ரீன்ல காட்டுது. நீங்க ஒரு கட்டத்தைத் தேர்வு பண்றீங்க.
3. பாக்ஸ் அந்தத் தேர்வை மெமரில எழுதி வச்சுக்குது.
4. உள்ள ஓடுற கடிகாரத்தை அந்த நேரத்தோட ஒப்பிட்டுக்கிட்டே இருக்குது. நேரம் வந்ததும் ஏதோ ஒண்ணு செய்யுது.

அந்த நாலாவதுல வர்ற "ஏதோ ஒண்ணு"லதான் ரிமைண்டரும் ரெக்கார்டிங்கும் பிரியுது. ஸ்க்ரீன்ல ஒரு சின்ன பெட்டி வந்து "இன்னும் கொஞ்ச நேரத்துல ஆரம்பிக்குது"ன்னு சொன்னா அது ரிமைண்டர். சேனலைத் தானே மாத்தினா ஆட்டோ ட்யூன். ஹார்ட் டிஸ்க்ல எழுத ஆரம்பிச்சா ரெக்கார்டிங். முதல் மூணு படியும் மூணுக்கும் ஒண்ணுதான், அதனாலதான் ஒரு கம்பெனிகிட்ட கைடு சம்பந்தமான பேட்டன்ட் குவியலா இருந்துச்சுன்னா அது இந்த எல்லா வசதியையும் சேர்த்தே தொட ஆரம்பிச்சுடுது.

பேட்டன்ட்ல எதுக்கு உரிமை?

ரொம்பப் பேர் குழம்புற இடம் இதுதான். பேட்டன்ட்டுக்கு ஒரு தலைப்பு இருக்கும், படம் இருக்கும், பக்கம் பக்கமா விளக்கம் இருக்கும், ஆனா உரிமை அது எதுக்கும் கிடையாது. கடைசில நம்பர் போட்டு எழுதியிருக்கிற வாக்கியங்கள் இருக்கும், அதுக்குப் பேரு க்ளைம். உரிமை அந்த வாக்கியத்துக்கு மட்டும்தான். ஒரு க்ளைம்ல அஞ்சு அம்சம் எழுதியிருந்தா, எதிராளியோட சிஸ்டத்துல அஞ்சும் இருக்கணும், இல்லன்னா அதுக்குச் சமமான ஒண்ணாவது இருக்கணும். நாலு இருந்து ஒண்ணு சுத்தமா இல்லன்னா மீறல் இல்ல.

காம்காஸ்ட் வழக்குல ஜெயிச்ச ரெண்டு பேட்டன்ட் 8,006,263, 8,578,413. ரெண்டும் ஒரே குடும்பம். முதல் பேட்டன்ட்டோட முக்கியமான க்ளைமை வக்கீல் மொழியைக் களைஞ்சுட்டுப் பார்த்தா இவ்ளோதான்:

1. வீட்ல ஒரு கருவி, அதுல ஒரு ப்ரோக்ராம் கைடு ஓடுது, டிவில லிஸ்ட் காட்டுது.
2. வீட்டுக்கு வெளில இன்னொரு கருவி, அதுலயும் ஒரு கைடு ஓடுது.
3. வெளில இருக்கிற கைடு காட்டுற லிஸ்ட், அந்த யூசரோட ப்ரொஃபைலை வச்சு அமையுது. அந்த ப்ரொஃபைல் அந்தக் கருவில இல்ல, வேற இடத்துல சேமிச்சிருக்கு.
4. யூசர் வெளில தேர்வு பண்ண ப்ரோக்ராம், இன்டர்நெட் வழியா வீட்ல இருக்கிற கைடுக்குப் போகுது.
5. வீட்டு கைடு அதை வாங்கிக்கிட்டு, வீட்டுக் கருவிலயே ரெக்கார்ட் பண்ணுது.

இப்ப ஆஃபீஸ்ல உட்கார்ந்து போன்ல காம்காஸ்ட் ஆப்பைத் திறக்கிற ஒரு கஸ்டமரை நினைச்சுக்கோங்க. அவர் கட்டியிருக்கிற பேக்கேஜுக்கு ஏத்த சேனல்தான் ஆப்ல தெரியுது, அந்த விவரம் போன்ல இல்ல, சர்வர்ல இருக்கு. ராத்திரி வர்ற மேட்ச்சைத் தொட்டு ரெக்கார்ட் கொடுக்கிறார். தகவல் வீட்டு எக்ஸ்1 பாக்ஸுக்குப் போகுது, பாக்ஸ் ரெக்கார்ட் பண்ணுது. அஞ்சு வரிக்கும் நேரா டிக் போட்டுக்கலாம். அதே க்ளைமுக்கு அந்த ரெக்கார்டிங் வீட்ல இல்லாம கம்பெனியோட சர்வர்ல நடந்திருந்தா அஞ்சாவது வரில கதையே மாறிடும், வாதாட நிறைய இடம் கிடைக்கும். இந்த மாதிரி ஒரு வரில தப்பிக்கிற டிசைனைத்தான் இந்தத் துறைல டிசைன் அரவுண்ட்னு சொல்றாங்க.

இன்னொரு விஷயம், எனக்கு இதுதான் உறுத்துது. இந்தக் குடும்பத்தோட முதல் விண்ணப்பம் போட்டது 1998-ல. ஆனா 263 கிடைச்சது 2011-ல, 413 கிடைச்சது 2013-ல. நடுவுல 2007-ல ஐபோன் வந்துடுச்சு, ஆப்னு ஒரு உலகமே உருவாகிடுச்சு. அமெரிக்கச் சட்டத்துல பழைய விண்ணப்பத்தோட தொடர்ச்சின்னு சொல்லிப் புது விண்ணப்பம் போடலாம், விளக்கம் பழசு, முன்னுரிமைத் தேதி பழசு, க்ளைம் மட்டும் புதுசா எழுதிக்கலாம். விளக்கத்துல இல்லாததைப் புதுசா சேர்க்க முடியாதுதான், இருந்தாலும் சந்தைல மத்தவங்க என்ன விக்கிறாங்கன்னு பார்த்துட்டு அதுக்குப் பொருந்துற மாதிரி வாக்கியத்தைச் செதுக்கிக்க முடியுது. சட்டப்படி சரி. ஆனா "1998-லயே யோசிச்சோம்"ங்கிற பெருமைல பாதி 2011-ல உட்கார்ந்து எழுதினது.

ரோவியா, டிவோவா, யாருய்யா இவங்க

செய்தில ஒரு இடத்துல ரோவின்னு போடுறான், இன்னொரு இடத்துல டிவோன்னு போடுறான், கடைசில எக்ஸ்பெரின்னு வருது. எல்லாம் ஒரே பேட்டன்ட் மூட்டை, கை மாறிக்கிட்டே வந்திருக்கு. ஸ்டார்சைட்டை ஜெம்ஸ்டார் 1997-ல சேர்த்துக்கிச்சு, 2000-ல டிவி கைடுங்கிற கம்பெனியையும் வாங்குச்சு. 2008-ல மேக்ரோவிஷன் அந்த மொத்தத்தையும் வாங்கி, அடுத்த வருஷம் பேரை ரோவின்னு மாத்திக்கிச்சு. 2016 செப்டம்பர்ல ரோவி சுமார் 110 கோடி டாலருக்கு, ஹார்ட் டிஸ்க்ல டிவியை ரெக்கார்ட் பண்ற டிவிஆர் பாக்ஸுக்குப் பேர் போன டிவோவை வாங்கி, டிவோங்கிற பேரையே தனக்கு வச்சுக்கிச்சு. 2020-ல எக்ஸ்பெரியோட இணைஞ்சுச்சு.

அதனால "டிவிஆர் கண்டுபிடிச்ச டிவோ, காம்காஸ்ட் மேல கேஸ் போட்டுச்சு"ன்னு எழுதினா படிக்க நல்லா இருக்கும், ஆனா தப்பு. கேஸ் போட்டது ரோவி, டிவோவை வாங்குறதுக்கு முன்னாடியே. அந்த ரெண்டு பேட்டன்ட்டும் கைடு கம்பெனிங்க வழியா வந்தது, டிவோவோட சொந்தச் சரக்கு இல்ல.

காம்காஸ்ட்டுக்கும் இவங்களுக்கும் பழைய உறவு. 2004-ல ஜெம்ஸ்டாருக்கு 25 கோடி டாலர் கொடுத்து காம்காஸ்ட் நீண்ட கால லைசென்ஸ் வாங்கிச்சு. லைசென்ஸ்னா, "நீ என் பேட்டன்ட்டைப் பயன்படுத்திக்கோ, நான் கேஸ் போட மாட்டேன்"ங்கிற உறுதிமொழி, அதுக்கு மேல ஒண்ணும் இல்ல. அது 2016 மார்ச் 31-ல முடிஞ்சுது. புதுசா எவ்ளோ கொடுக்கணும்ங்கிறதுல ஒத்து வரல. ஏப்ரல் பிறந்ததும் ரோவி வழக்குகளைப் போட்டுடுச்சு. பன்னெண்டு வருஷமா காசு கொடுத்துக்கிட்டிருந்த அதே மூட்டைக்கு ஏப்ரல் 1-லேர்ந்து காம்காஸ்ட் எதிராளி ஆயிடுச்சு.

கோர்ட்டுக்கு மட்டும் ஏன் போகல?

அமெரிக்கால பேட்டன்ட் மீறலுக்கு ரெண்டு கதவு இருக்கு. ஒண்ணு சாதாரண ஃபெடரல் கோர்ட். இழப்பீடு கிடைக்கும், ஜூரி உண்டு, ஆனா ரொம்ப இழுக்கும். டிவோ தனியா இருந்த காலத்துல எக்கோஸ்டார்ங்கிற சாட்டிலைட் டிவி கம்பெனி மேல 2004-ல போட்ட கேஸ் இதுக்கு நல்ல உதாரணம். லைவ் டிவியை நிறுத்தி, பின்னாடி ஓட்டுற டெக்னாலஜி பத்தின கேஸ். 2006-ல ஜூரி சுமார் 7.4 கோடி டாலர் கொடுக்கச் சொல்லுச்சு, 2008-ல அப்பீல்ல அதோட முக்கியப் பகுதி நின்னுச்சு, எக்கோஸ்டார் சாஃப்ட்வேரை மாத்திட்டோம்னு சொல்ல, மாத்தினது போதாதுன்னு 2009-ல கோர்ட் அவமதிப்பு, மறுபடி அப்பீல், 2011-ல 50 கோடி டாலருக்கு சமாதானம். ஏழு வருஷம்.

அதோட 2006-ல ஈபே வழக்குல சுப்ரீம் கோர்ட் ஒரு முக்கியமான தீர்ப்பு சொல்லிடுச்சு. பேட்டன்ட் மீறல் நிரூபணமானாலும் தடை உத்தரவு தானா வந்துடாது, ஈடு செய்ய முடியாத நஷ்டம், பணம் கொடுத்தா போதுமாங்கிற கேள்வி, ரெண்டு பக்கத்துக்கும் வர்ற கஷ்டம், பொதுநலம்னு நாலு விஷயத்தை எடை போட்டுத்தான் கொடுக்கணும்னு. பேட்டன்ட் லைசென்ஸ்ல பிழைக்கிற கம்பெனிக்கு "உனக்குத் தேவை பணம்தானே, வாங்கிக்கிட்டுப் போ"ன்னு கோர்ட் சொல்லிட வாய்ப்பு அதிகம்.

ரெண்டாவது கதவு சர்வதேச வர்த்தக கமிஷன், சுருக்கமா ஐடிசி. இது கோர்ட் இல்ல, அமெரிக்க அரசு அமைப்பு. 1930 டாரிஃப் சட்டத்தோட 337-ஆம் பிரிவுல இதுக்கு அதிகாரம். வெளிநாட்டுலேர்ந்து வர்ற சரக்கு பேட்டன்ட்டை மீறினா அதை நாட்டுக்குள்ள விடாதேன்னு சுங்கத்துறைக்குச் சொல்லலாம். பைசா இழப்பீடு வாங்கித் தர முடியாது, ஆனா வேகம் அதிகம், ஈபே தீர்ப்போட அந்த நாலு எடைக்கல் இங்க கட்டுப்படுத்தாது. உத்தரவு வந்தப்புறம் ஜனாதிபதி தரப்புக்கு 60 நாள் அவகாசம், அதுக்குள்ள அவங்க ரத்து பண்ணலாம். 2013-ல ஆப்பிளுக்கு எதிரா வந்த ஒரு உத்தரவு அப்படித்தான் ரத்தாச்சு. அந்த மாதிரி நடக்கிறது அபூர்வம்.

ரோவி ரெண்டு கதவையும் தட்டுச்சு, ஆனா காரியம் நடந்தது ஐடிசில. ஆரம்பத்துல நிறைய பேட்டன்ட்டை அடுக்கினாங்க, கடைசில நின்னது அந்த ரெண்டு. ஆரம்பத்துல சொன்ன 2017 நவம்பர் உத்தரவுக்கு அந்த ரெண்டு போதுமா இருந்துச்சு.

"பாக்ஸை நான் இறக்குமதி பண்ணலையே"

காம்காஸ்ட்டோட எதிர்வாதம் சுவாரஸ்யமானது, சும்மா ஒதுக்கிட முடியாது.

முதல் வாதம், எல்லையைத் தாண்டி வர்றப்ப அந்த பாக்ஸ் எதையும் மீறல. க்ளைமைத் திரும்பப் பாருங்க, வீட்டுக் கருவி, வெளிக் கருவி, இன்டர்நெட், ப்ரொஃபைல் எல்லாம் சேர்ந்தாத்தான் மீறல். துறைமுகத்துல பெட்டிக்குள்ள இருக்கிற செட் டாப் பாக்ஸ் வெறும் ஒரு துண்டு. கஸ்டமர் வீட்ல மாட்டி, ஆப் இன்ஸ்டால் பண்ணி, ரெக்கார்ட் பட்டனைத் தொட்டப்புறம்தானே முழு சிஸ்டமே உருவாகுது, அது நடக்கிறது அமெரிக்காவுக்குள்ள, அதுக்கும் இறக்குமதிச் சட்டத்துக்கும் என்ன சம்பந்தம்?

ரெண்டாவது வாதம், இறக்குமதி பண்றதே நாங்க இல்ல. பாக்ஸ் செய்றது ஏரிஸ், டெக்னிகலர் கம்பெனிங்க. அவங்கதான் கொண்டு வர்றாங்க, நாங்க உள்நாட்டுல வாங்கிக்கிறோம்.

ஐடிசி ரெண்டையும் ஏத்துக்கல, 2020 மார்ச்ல அப்பீல் கோர்ட்டும் ஏத்துக்கல. அவங்க போன வழியைப் படிப்படியா சொன்னா:

1. நேரடியா மீறுறது யாரு? ஆப்பையும் பாக்ஸையும் சேர்த்துப் பயன்படுத்துற கஸ்டமர். அவர் மேல யாரும் கேஸ் போடப் போறதில்ல, ஆனா சட்டப்படி மீறல் அங்கதான் நடக்குது.
2. அவரை அப்படிச் செய்ய வைக்கிறது யாரு? காம்காஸ்ட். ஆப் கொடுத்து, சர்வர் நடத்தி, எப்படிப் பண்ணணும்னு சொல்லிக் கொடுத்து. பேட்டன்ட் இருக்குன்னு தெரிஞ்சே அடுத்தவரை மீற வைக்கிறதும் மீறல்தான், இதுக்குத் தூண்டல்னு பேரு.
3. இறக்குமதிக்கு அப்புறம் நடக்கிற மீறல் சட்டத்துக்குள்ள வருமா? வரும்னு 2015-லயே சுப்ரீமா வழக்குல அதே அப்பீல் கோர்ட் முழு அமர்வா உட்கார்ந்து சொல்லியிருந்துச்சு. அது விரல் ரேகை ஸ்கேனர் பத்தின கேஸ், உள்ள வந்த ஸ்கேனர்ல சாஃப்ட்வேர் சேர்ந்தப்புறம்தான் மீறல், அப்படியும் தடுக்கலாம்னு தீர்ப்பு.
4. இறக்குமதி பண்றவர் யாரு? துறைமுகப் பேப்பர்ல யார் பேர் இருக்குங்கிறதை மட்டும் பார்க்கல. அந்த பாக்ஸ் எப்படி இருக்கணும்னு சொல்றது காம்காஸ்ட், அவங்க நெட்வொர்க்குக்குன்னே அளவெடுத்துச் செஞ்சது, அவங்களுக்காகவே வருது. அப்ப காம்காஸ்ட்டும் இறக்குமதில பங்காளிதான்.

முதல் வாதத்துல காம்காஸ்ட் தோத்ததுல எனக்கு ஆச்சரியம் இல்ல, சுப்ரீமா தீர்ப்புக்கு அப்புறம் அது கஷ்டம்தான். நாலாவதுதான் பெரிய விஷயம். இன்னிக்கு எந்தக் கேபிள் கம்பெனி, போன் கம்பெனி சொந்தமா தொழிற்சாலை வச்சு பாக்ஸ் செய்யுது? எல்லாரும் ஸ்பெசிஃபிகேஷன் எழுதிக் கொடுத்து வெளில செஞ்சு வாங்குறவங்கதான். "நான் வெறும் வாங்குறவன்"ங்கிற சுவருக்குப் பின்னாடி நிக்க முடியாதுன்னு ஆயிடுச்சுன்னா ஐடிசியோட கை எவ்ளோ தூரம் நீளும்னு யோசிச்சுக்கோங்க.

இதெல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்தானே, செல்லாதுன்னு சொல்ல முடியாதா?

சொல்லலாம், சொல்லி ஜெயிச்சவங்களும் இருக்காங்க, அதுவும் இதே ரோவிகிட்ட. நெட்ஃபிளிக்ஸ் கேஸ் அது. 2014-ல ஆலிஸ்ங்கிற வழக்குல சுப்ரீம் கோர்ட், ஒரு சாதாரண எண்ணத்தை எடுத்து "கம்ப்யூட்டர்ல செய்"ன்னு சேர்த்தா மட்டும் பேட்டன்ட் ஆயிடாதுன்னு சொல்லிடுச்சு. அதை வச்சு 2015-ல கலிபோர்னியா ஃபெடரல் கோர்ட் ரோவியோட அஞ்சு பேட்டன்ட்டை ஒரே தீர்ப்புல செல்லாதுன்னு தள்ளிடுச்சு. ஒரு கருவில பார்த்துட்டு விட்ட இடத்துலேர்ந்து இன்னொரு கருவில தொடர்றது பத்தினதும் அதுல ஒண்ணு. 2016-ல அப்பீல்லயும் அது நின்னுச்சு.

மூணாவதா இன்னொரு இடமும் இருக்கு, பேட்டன்ட் ஆஃபீஸ்லயே உள்ள விசாரணை வாரியம். பழைய டாக்குமென்ட்களைக் காட்டி "இது புதுசு இல்ல, இல்லன்னா பார்த்ததும் தோணக்கூடியதுதான்"னு மனு போடலாம். காம்காஸ்ட்டும் ரோவியோட பேட்டன்ட்கள் மேல அங்க மனுவா போட்டுச்சு. ஒரே பேட்டன்ட் ஒரு இடத்துல உயிரோட இருந்து ஆளைத் தடுத்துக்கிட்டு, இன்னொரு இடத்துல உயிருக்குப் போராடிக்கிட்டு இருக்கிற விசித்திரமெல்லாம் அமெரிக்கால சகஜம்.

பட்டனை எடுத்ததுல யாருக்கு என்ன நஷ்டம்

உத்தரவு வந்ததும் பாக்ஸ் வராம எக்ஸ்1 நின்னு போகும்னு நினைச்சவங்க உண்டு. அப்படி நடக்கல. மீறல் எந்த வசதில இருக்கோ அதை எடுத்துட்டா பாக்ஸ் உள்ள வரலாம். காம்காஸ்ட் அதைத்தான் பண்ணுச்சு. கஸ்டமருக்கு எரிச்சல், ஆனா வீட்ல ரிமோட்டை வச்சு ரெக்கார்ட் பண்றது அப்படியே இருந்துச்சு.

இங்கதான் தேதிகள் வருது. ரோவிக்கு வேண்டியது அந்தப் பட்டன் போறது இல்ல, காம்காஸ்ட் மறுபடி மொத்த மூட்டைக்கும் லைசென்ஸ் எடுக்கறது. அதுக்கு ஒவ்வொரு வசதியா பிடுங்கிக்கிட்டே இருந்தாத்தான் வலிக்கும், அதனாலதான் ஐடிசில ஒண்ணோட நிக்காம அடுத்தடுத்து புகார் போட்டாங்க. காம்காஸ்ட்டோட கணக்கு இதுக்கு நேர் எதிர். பேட்டன்ட்டுக்கு ஆயுசு விண்ணப்பத் தேதிலேர்ந்து பொதுவா 20 வருஷம், முதல் விண்ணப்பமே 1998, பேட்டன்ட் கைக்கு வர்றதுக்குள்ளயே ஆயுசுல பெரிய பங்கு கரைஞ்சுடுச்சு. ஒரு பட்டனை விட்டுக் கொடுத்துட்டுக் காத்திருந்தா போதும். 2019 செப்டம்பர்ல ரெண்டும் காலாவதியாச்சு, அதோட அந்தத் தடைக்கும் வேலை இல்லாம போச்சு.

அப்ப 2020 மார்ச்ல அப்பீல் கோர்ட் எதுக்குத் தீர்ப்பு சொல்லுச்சு, செத்துப் போன பேட்டன்ட்டுக்கு? ஐடிசி தரப்பே கேஸ் முடிஞ்சு போச்சுன்னு சொல்லிப் பார்த்துச்சு. ரோவி போட்ட மத்த ஐடிசி புகார்கள் அப்ப நிலுவைல இருந்துச்சு, இறக்குமதி பண்றவர் யாருங்கிற கேள்வி அதுலயும் அப்படியே இருக்கு, அதனால விசாரிக்கலாம்னு கோர்ட் முடிவெடுத்துச்சு. விசாரிச்சதுல காம்காஸ்ட் தோத்துச்சு. அதே வருஷம் நவம்பர்ல, அப்ப எக்ஸ்பெரி கைல இருந்த மூட்டைக்கு காம்காஸ்ட் நீண்ட கால லைசென்ஸ் எடுத்துச்சு, ரெண்டு பக்கமும் எல்லா வழக்கையும் முடிச்சுக்கிட்டாங்க. 2022-ல எக்ஸ்பெரி ரெண்டாப் பிரிஞ்சப்ப பேட்டன்ட் தொழில் மட்டும் தனிக் கம்பெனியாச்சு, பேரு அடியா. ப்ரோக்ராம் கைடு, ரெக்கார்டிங் பேட்டன்ட்னு இனிமே செய்தில ஏதாவது வந்தா பெரும்பாலும் அந்தப் பேர்லதான் பார்ப்பீங்க.